விபத்தைக் கண்டு மனம் நோயுற்றால் இழப்பீடு உண்டா? இங்கிலாந்துச் சட்டம் வகுத்த எல்லைகள்

பிறர் கவனக்குறைவால் நடந்த விபத்தில் உடம்பில் கீறல்கூட இல்லாமல் மனம் மட்டும் நோயுற்றவர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தீங்கியல் சட்டத்தின்படி (ஒருவர் விளைவித்த தீங்குக்கு ஈடு கோரும் சட்டம்) இழப்பீடு கேட்கலாம். ஆனால் அவர் பட்ட துன்பத்தின் அளவு மட்டும் வழக்கைத் தீர்மானிப்பதில்லை. விபத்தின்போது எங்கே இருந்தார், அடிபட்டவர் அவருக்கு என்ன உறவு என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இது தெரியாமல், வெல்ல முடியாத வழக்கில் வருடங்களைக் கரைக்கும் குடும்பங்கள் உண்டு. வெல்லக்கூடிய வழக்கைச் சான்றில்லாமல் இழப்பவர்களும் உண்டு.

முதல் நிபந்தனை நோய். துக்கம், அச்சம், ஆத்திரம் ஆகியவை எவ்வளவு ஆழமானாலும் அவற்றுக்குத் தனியாகப் பணம் கிடையாது. மனநல மருத்துவர் பெயர் சொல்லி அடையாளம் காணும் நோய் வேண்டும்: பிடிஎஸ்டி (கொடிய நிகழ்வுக்குப் பின் வரும் மன அழுத்த நோய்), மனச்சோர்வு, பதற்ற நோய், நோயாகவே முற்றிவிட்ட துக்கம் போன்றவை. இங்கேதான் நம்மவர்கள் பலர் சறுக்குகிறார்கள். ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போய்த் தலைவலி, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள். மருத்துவக் குறிப்பில் அதுதான் ஏறும். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் குறிப்புகளைக் காட்டி, "இத்தனை மாதமும் மனநலம் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்பார். கெட்ட கனவு, அந்தத் தெருவைத் தவிர்ப்பது, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, வேலைக்குப் போக முடியாதது எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் தடையென்றால், சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். அவர்கள் முன் பெற்றோர் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

அடுத்து, நீங்கள் எந்த வகை என்பது. விபத்துக்குள்ளேயே இருந்தவர், அல்லது மயிரிழையில் தப்பியவர், நேரடிப் பாதிப்பாளர். இவர்களுக்குச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. 1995இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த பேஜ் எதிர் ஸ்மித் வழக்கில், சாதாரணக் கார் மோதலில் ஓட்டுநருக்கு உடற்காயம் எதுவும் இல்லை. ஆனால் முன்பிருந்த நாள்பட்ட சோர்வு நோய் மீண்டும் பற்றிக்கொண்டது. உடற்காயம் நேரக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க சூழலாக இருந்தால் போதும், வந்தது மனநோயானாலும் பொறுப்பு உண்டு என்றார்கள். ஏற்கெனவே மனநோய் இருந்தவர்கள் "என் பழைய வியாதிதானே" என்று பின்வாங்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள். ஒன்றைக் கவனியுங்கள்: 31 மே 2021 முதல் நடந்த கார் விபத்துகளில், கழுத்துச் சுளுக்கோடு சேர்ந்து வரும் லேசான மனப் பாதிப்புக்குத் இழப்பீடு அரசு நிர்ணயித்த தொகைப் பட்டியல்படிதான். நடந்து போனவருக்கும் சைக்கிளில் போனவருக்கும் அந்தப் பட்டியல் பொருந்தாது.

பிறருக்கு நேர்ந்ததைக் கண்டு நோயுற்றவர்களுக்குத்தான் கதவு மிகக் குறுகல். அதைக் குறுக்கியது ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல். 15 ஏப்ரல் 1989 அன்று ஷெஃபீல்ட் நகரின் அந்த மைதானத்தில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியின்போது நெரிசலில் சிக்கியவர்களில் மொத்தம் 97 பேர் இறந்தார்கள். அண்ணன், தம்பி, மகன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்று தெரிந்தே பலர் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் மற்ற உறவினர்களும் தொடுத்த ஆல்காக் வழக்கில் 1991இல் பிரபுக்கள் சபை கோரிக்கைகள் அனைத்தையும் தள்ளியது. அப்போது வகுத்த நிபந்தனைகள்தான் இன்றைக்கும் அடிப்படை: அடிபட்டவரோடு நெருங்கிய பாச உறவு இருக்க வேண்டும், விபத்து நடந்த இடத்தில், அல்லது நடந்த உடனே அங்கே, இருந்திருக்க வேண்டும், தன் கண்ணாலும் காதாலும் அதை உணர்ந்திருக்க வேண்டும்.

உறவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, மணம் நிச்சயமானவர் ஆகியோரிடையே பாசம் இருப்பதாகச் சட்டம் தானே எடுத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி, தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்றால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆல்காக் வழக்கில், மைதானத்திலேயே இருந்து இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர்கூட, நெருக்கத்துக்குச் சான்று வைக்கவில்லை என்பதால் தோற்றார். நம் வீடுகளில் அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையை வளர்ப்பது சாதாரணம். ஆனால் நீதிபதிக்கு அது தானாகத் தெரியாது. ஒரே முகவரி என்பதற்கான கடிதங்கள், பள்ளிப் படிவத்தில் பாதுகாவலர் பெயர், ஆசிரியர் அல்லது அயலவரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேகரியுங்கள்.

"நடந்த உடனே" என்பதற்கு வழக்குகளே அளவுகோல். 1982இல் தீர்ந்த மக்லஃப்லின் வழக்கில், தாய் விபத்து நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து, எண்ணெயும் சேறுமாக இருந்த குடும்பத்தைப் பார்த்தார், இழப்பீடு கிடைத்தது. ஹில்ஸ்பரோவில் எட்டு ஒன்பது மணி நேரம் கழித்துப் பிணவறையில் அடையாளம் காட்டியவருக்குக் கிடைக்கவில்லை. தொலைபேசியில் செய்தி கேட்டவருக்கு வழியில்லை. காப்பாற்றப் போனவர்களுக்கும் தனிச் சலுகை கிடையாது: மைதானத்தில் பணியிலிருந்த காவலர்களின் கோரிக்கை 1998இல் தள்ளப்பட்டது. தாமும் ஆபத்தில் இருந்தார்கள், அல்லது அப்படி நியாயமாக நம்பினார்கள் என்றால்தான் அவர்கள் நேரடிப் பாதிப்பாளர்.

மருத்துவத் தவறு வழக்குகளில் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. 11 ஜனவரி 2024 அன்று பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்குக் காரணம். தெருவில் தந்தை மாரடைப்பால் சரிந்ததைப் பார்த்த இரண்டு சிறுமிகள், பல மாதங்களுக்கு முன் மருத்துவமனை இதய நோயைக் கண்டறியத் தவறியதே காரணம் என்றார்கள். வெளியிலிருந்து வரும் விபத்து ஒன்றைக் கண்டவருக்குத்தான் உரிமை, கவனிக்கப்படாத நோயால் உறவினர் இறப்பதைக் கண்டவருக்கு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். லார்ட் பரோஸ் மட்டும் மாறுபட்டார். அதே தீர்ப்பு, "திடீர் அதிர்ச்சி"யால் நோய் வந்ததாகக் காட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னது. சாலை விபத்தைக் கண்டவர்களுக்கு அது உதவும். கண்ணெதிரே அப்பா சாவதைப் பார்த்த குழந்தைக்கு, காரணம் லாரியா தவறிய சிகிச்சையா என்பது என்ன வேறுபாடு? இடம், நேரம் பற்றிய நிபந்தனைகளை நெருங்கிய உறவினருக்கு நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 1998இலேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை.

இறப்பு நேர்ந்த இடத்தில் வேறொரு சிறு உரிமை உண்டு. 1 மே 2020 முதல் நேர்ந்த இறப்புகளுக்குத் துயர இழப்பீடு 15,120 பவுண்ட். மனநோயை நிரூபிக்கத் தேவையில்லை. கணவன் அல்லது மனைவி, பதிவுசெய்த துணை, இரண்டு வருடமாவது சேர்ந்து வாழ்ந்த துணை, 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளையை இழந்த பெற்றோர் ஆகியோருக்கு மட்டும். பெற்றோர் மணம் செய்யாதவர்களானால் தாய்க்கு மட்டுமே. தாய் தந்தையை இழந்த பிள்ளைக்கு இது கிடையாது. ஆனால் இறந்தவரின் வருமானத்தில் வாழ்ந்தவர்கள் அந்த இழப்பைத் தனியாகக் கேட்கலாம்.

காலக்கெடு மூன்று வருடம். விபத்து நாளிலிருந்து, அல்லது பாதிப்பும் அதற்குக் காரணமானவரும் தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. பிள்ளைகளுக்கு 18 வயதில்தான் கணக்கு தொடங்கும், அதாவது 21 வரை. வன்முறைக் குற்றமென்றால் குற்றக் காய இழப்பீட்டு ஆணையத்துக்குப் பொதுவாக இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பம், காவல்துறையில் புகார் கட்டாயம். அடித்துவிட்டு ஓடிய வண்டிக்கும் காப்பீடில்லாத வண்டிக்கும் மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் பொறுப்பு.

சொலிசிட்டர் (உங்கள் வழக்கறிஞர்) கோரிக்கைக் கடிதம் அனுப்பினால், வழக்கமான நடைமுறையில் எதிர்த்தரப்பு 21 நாளில் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய வேண்டும். பிறகு விசாரிக்க மூன்று மாதம் வரை அவகாசம். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வெற்றிக் கட்டணம் (வென்றால் அவர் கூடுதலாக எடுக்கும் தொகை) எதிலிருந்து கழிக்கப்படும் என்று கேளுங்கள். வலி வேதனைக்கான தொகையும் கடந்தகால இழப்பும் சேர்ந்ததில் 25 சதவீதத்துக்கு மேல் அது போகக் கூடாது. எதிர்காலச் சிகிச்சைக்கும் வருமானத்துக்கும் வரும் பணத்தைத் தொடக் கூடாது.

காப்பீட்டு நிறுவனம் முதல் வாரங்களிலேயே ஒரு தொகையை நீட்டலாம். மனநல நிபுணரின் அறிக்கை கையில் வரும் முன் சம்மதிக்காதீர்கள். முழுத் தீர்வாகக் கையெழுத்திட்ட பிறகு நோய் முற்றினாலும் அந்தக் கணக்கைப் பொதுவாக மீண்டும் திறக்க முடியாது. பிள்ளைகளுக்காகச் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் அந்தச் சமரசம் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.