சரக்கு எங்கே என்று சொல்லாத டிராக்கிங் சான்றிதழ்

பெயரில் டிராக்கிங் இருக்கிறதே என்று கன்டெய்னரில் ஏதோ கருவியைப் பொருத்திப் பின்தொடர்வதாக நினைத்துவிட வேண்டாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் சரக்கு அனுப்பும்போது கட்டாயமாகக் கேட்கப்படும் கார்கோ டிராக்கிங் நோட் வெறும் முன்பதிவுதான். சரக்கு என்ன, எடை எவ்வளவு, விலையும் கப்பல் கூலியும் எவ்வளவு, அனுப்புபவர் யார், வாங்குபவர் யார் என்ற விவரமெல்லாம் கப்பல் வந்து சேரும் முன்பே இறக்குமதி நாட்டின் கணினியில் ஏறிவிடும். பிறகு இறக்குமதியாளர் சுங்கத்தில் காட்டும் கணக்கை அதோடு ஒப்பிடலாம். 40,000 டாலர் சரக்கை 15,000 என்று காட்டி வரியைக் குறைக்கப் பார்த்தால் அங்கே மாட்டிக்கொள்வார்.

ஊருக்கு ஒரு பெயர் இதற்கு. ஆங்கிலத்தில் இசிடிஎன், பிரெஞ்சு வழங்கும் நாடுகளில் பெஸ்க், காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஃபெரி. வழங்குவது பெரும்பாலும் அந்தந்த நாட்டின் சரக்கு அனுப்புவோர் கவுன்சில். 1974இல் உருவான ஐ.நா. கப்பல் போக்குவரத்து நெறிமுறை, இரு நாட்டுக் கப்பல்களுக்கும் தலா 40 சதவீதம், மற்றவர்களுக்கு 20 சதவீதம் என்று சரக்கைப் பங்கிடச் சொன்னது. இந்தக் கவுன்சில்கள் பலவும் அந்தக் காலத்தில் எழுந்தவை. பங்கீடு பழங்கதையாகிவிட்டது. கவுன்சில்கள் நிலைத்துவிட்டன, அவற்றின் கட்டணமும்தான்.

வாங்கும் முறை சிக்கலானதல்ல. அனுப்புபவரோ, சரக்கு அனுப்பும் வேலைகளைப் பார்க்கும் அவருடைய ஃபார்வர்டரோ அந்நாடு அங்கீகரித்த ஏஜென்ட்டிடம் அல்லது இணையதளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பிஎல் எனப்படும் கப்பல் சரக்கு ரசீதின் (பில் ஆஃப் லேடிங்) டிராஃப்ட், இன்வாய்ஸ், கப்பல் கூலிக்கான தனி இன்வாய்ஸ், ஏற்றுமதிச் சுங்கப் பத்திரம், பேக்கிங் லிஸ்ட் ஆகியவற்றை ஏற்றினால் சான்றிதழின் வரைவு வரும். அதைச் சரிபார்த்துக் கட்டணம் கட்டியதும் எண்ணோடு இறுதிப் பிரதி கிடைக்கும். அந்த எண் பிஎல்லிலும், கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட்டிலும் ஏற வேண்டும். பொதுவாக ஒரு பிஎல்லுக்கு ஒரு சான்றிதழ். கட்டணம் சில நாடுகளில் பிஎல் கணக்கில், சிலவற்றில் கன்டெய்னர் கணக்கில். வண்டிகளுக்குத் தனிக் கணக்கும் உண்டு.

கூலிக்கு எதற்குத் தனி இன்வாய்ஸ்? பிஎல்லில் பெரும்பாலும் கூலி செலுத்தப்பட்டது என்று மட்டும்தான் இருக்கும், தொகை இருக்காது. கூலியும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் விலை 40,000 டாலர், அதில் கூலி 3,200, காப்பீடு 200 என்றால், அவை இரண்டும் சேராத எஃப்ஓபி விலை 36,600. இந்த நான்கு எண்களும் ஒன்றோடொன்று கூடிவர வேண்டும். சிஐஎஃப் தொகையை எஃப்ஓபி கட்டத்தில் போட்டுவிட்டுக் கூலியைத் தனியாகவும் சேர்ப்பவர்கள் ஏராளம். விண்ணப்பம் திரும்பி வரும், வராவிட்டால் இறக்குமதியாளரின் வரி ஏறும்.

எடையில் வருவது இன்னும் நுணுக்கமான தவறு. 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையான விஜிஎம்மை ஏற்றுமதியாளர் தெரிவித்தாக வேண்டும். அதில் கன்டெய்னரின் சொந்த எடையும் அடக்கம். பிஎல்லில் உள்ள கிராஸ் வெயிட்டோ சரக்கும் அதன் பொதியும் மட்டும். 20 அடிப் பெட்டியே சுமார் 2,200 கிலோ இருக்கும். விஜிஎம் எண்ணைத் தூக்கிச் சான்றிதழில் போட்டால் இரண்டு டன் சரக்கு எங்கிருந்தோ முளைத்துவிடும். வித்தியாசம் இந்த அளவில் இருந்தால் முதலில் இந்தக் குழப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கன்டெய்னர் எண்ணைச் சரிபார்க்க அந்த எண்ணுக்குள்ளேயே வழி இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு உண்டு, 11இன் மடங்குகளை மட்டும் விட்டுவிடுவார்கள். சிஎஸ்க்யூயூ 305438 என்ற எண்ணில் எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. பத்து மதிப்புகளையும் வரிசையாக 1, 2, 4, 8 என இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3, அதுவே சோதனை இலக்கம். 305438ஐ 350438 என்று மாற்றி அடித்தால் கூட்டல் 6,025 ஆகி மீதி 8 வரும். ஆகவே பெட்டியில் பொறித்த 3 காட்டிக்கொடுத்துவிடும். விண்ணப்பம் அனுப்பும் முன் இதை ஒருமுறை போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நேரம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. சில நாடுகள் கப்பல் கிளம்பும் முன்பே சான்றிதழ் வேண்டும் என்கின்றன, சில நாடுகள் புறப்பட்டபின் சில நாள் அவகாசம் தருகின்றன. அவகாசத்தை நம்பாமல் புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பிஎல் டிராஃப்ட் கையில் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது. இறுதி பிஎல்லுக்காகக் காத்திருந்தால் கப்பல் போயிருக்கும். டிராஃப்ட்டுக்குப் பின் பெட்டி எண்ணோ எடையோ மாறினால் சான்றிதழிலும் திருத்தம் போட வேண்டும், அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். சான்றிதழே இல்லாமல் போய்ச் சேர்ந்த சரக்குக்கு அபராதம் விழும். அது தீரும்வரை பெட்டி துறைமுகத்தில் கிடக்கும். பெட்டியை எடுக்கத் தாமதமானதற்கான டெமரேஜ் கட்டணம் நாள்கணக்கில் ஓடும்போது அபராதமே சிறிதாகத் தெரியும்.

கடல் இல்லாத நாடுகளுக்கு அனுப்புவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். புர்கினா ஃபாசோவுக்கான சரக்கு டோகோவின் லோமே துறைமுகத்தில் இறங்கினாலும் கேட்கப்படுவது புர்கினாவின் சான்றிதழ். பிஎல்லில் இறங்கு துறைமுகத்தை மட்டும் எழுதி, சேருமிடத்தைக் காலியாக விட்டால் ஏஜென்ட் டோகோவின் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிடுவார். பல பேருடைய சரக்கு ஒரே பெட்டியில் போனால் சான்றிதழ் கப்பல் நிறுவனம் தரும் மாஸ்டர் பிஎல்லுக்கா, ஒவ்வொருவருக்கும் ஃபார்வர்டர் தரும் ஹவுஸ் பிஎல்லுக்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எகிப்தில் இதே நோக்கம், வேறு வழி. 2021 அக்டோபர் 1 முதல் கடல்வழிச் சரக்குக்கு அங்கே இறக்குமதியாளர்தான் முதலில் நஃபேசா என்ற அந்நாட்டு இணையதளத்தில் விண்ணப்பித்து 19 இலக்க எண் வாங்க வேண்டும். அதை அவர் அனுப்பிய பிறகே ஏற்றுமதியாளர் ஆவணங்களில் சேர்க்க முடியும். அந்த எண் கைக்கு வராமல் பெட்டியை ஏற்றக் கொடுக்கக் கூடாது.