காலணாவில் ஓடும் விரிசல்

சென்ற மாதம் ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். பாட்டியின் தகரப்பெட்டியில், ஒரு சுருக்குப்பைக்குள் கிடைத்த இரண்டு செப்புக் காலணாக்கள். இரண்டிலும் 1835 என்று போட்டிருக்கிறது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்தில் காலணா. ஆனால் ஒன்றில் எழுத்துகள் பருத்து நெருங்கி நிற்கின்றன, மற்றதில் மெலிந்து தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றில் 5 என்ற எண் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. "இதில் எது போலி?" என்று கேட்டிருந்தார்.

இரண்டுமே அசலாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஒரே ஆண்டைத் தாங்கிய இரண்டு நாணயங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது இன்றைய தொழிற்சாலைப் பழக்கத்தால். அன்றைய காலணாவுக்கு அது பொருந்தாது. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தில் போய் நிற்கும்: எஃகில் விழும் விரிசல்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1835க்கு முன் கம்பெனியின் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று காசு அடித்தது. சென்னை மாகாணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நம்முடைய 'காசு' என்ற சொல்தான் போர்த்துக்கீசியர் வாய்வழியே போய் ஆங்கிலேயரின் நாணயப் பெயராக மாறி, கம்பெனி வெளியிட்ட 10 காசு, 20 காசு நாணயங்களிலேயே ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டது. 1835இல் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான நாணய முறை வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு நான்கு காலணா அல்லது பன்னிரண்டு தம்படி. காலணாவின் எடை 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.48 கிராம். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று அக்கசாலைகளிலும், அதாவது நாணயம் அடிக்கும் கூடங்களிலும், அடித்தார்கள். சென்னையின் தங்கசாலைத் தெரு, மின்ட் தெரு என்ற பெயர்களெல்லாம் அந்த அக்கசாலையின் மிச்சம்தான். அது 1869இல் மூடப்பட்டது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். காலணாவில் 1835 என்று இருப்பதால் அது 1835இல் அடித்தது என்று ஆகிவிடாது. ஆண்டை மாற்றாமல் அதே தேதியோடு பல ஆண்டுகள் தொடர்ந்து அடித்தார்கள்.

சரி, நாணயம் எப்படிப் பிறக்கிறது? மேலே ஓர் எஃகு அச்சு, கீழே ஓர் எஃகு அச்சு, நடுவில் செப்பு வில்லை. ஓங்கி ஓர் அழுத்து. குளிர்ந்த செம்புதான் என்றாலும், அந்த அழுத்தத்தில் பிசைந்த மாவு மாதிரி நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறிக்கொள்ளும். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாகும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் இருத்திக்கொண்டால் போதும், மீதி எல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

பல லட்சம் காசுகளை ஒரே ஓர் அச்சால் அடிக்க முடியாது. அச்சு தேயும், உடையும். அதனால் அச்சுகளை வரிசையாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். சின்னம் போன்ற கடினமான பகுதியை ஒரு மூல முத்திரையில் ஒருமுறை செதுக்கி வைத்துக்கொண்டு, அதை மென்மையான எஃகில் அழுத்தி எடுப்பார்கள். எழுத்துகளையும் எண்களையும் தனித்தனிப் பஞ்ச் வைத்துக் கையால் அடிப்பதும் உண்டு. லேத் பட்டறையில் நம்பர் பஞ்ச் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். கை கொஞ்சம் அசைந்தால் 5 சாய்ந்துவிடும். ஓர் எழுத்து சரியாக இறங்கவில்லை என்று மறுபடி அடித்தால் அது இரட்டையாகத் தெரியும். ஓர் அச்சில் நடந்த இந்தத் தடுமாற்றம் அந்த அச்சிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான காசுகளிலும் அப்படியே இருக்கும், அடுத்த அச்சில் இருக்காது. சேகரிப்பவர்கள் 'டை வெரைட்டி' என்று சொல்வது இதைத்தான். நம் வாசகரின் இரண்டு காலணாக்களும் இரண்டு அச்சுகளின் பிள்ளைகள், அவ்வளவுதான். மூன்று அக்கசாலைகள் இருந்ததை நினைத்தால், எழுத்தின் பருமனிலும் இலையின் வடிவத்திலும் வித்தியாசம் இல்லாதிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இப்போது விரிசலுக்கு வருவோம்.

செதுக்கும்போது அச்சு மென்மையாக இருக்க வேண்டும், அடிக்கும்போது கடினமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே எஃகில் சாதிப்பதுதான் கொல்லுப்பட்டறையின் பழைய வித்தை. அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுகிறாரே கொல்லர், அதேதான். எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கார்பனும். செஞ்சூட்டில் கார்பன் அணுக்கள் இரும்புக்குள் நன்றாகக் கரைந்திருக்கும். மெதுவாக ஆறவிட்டால் அவை பிரிந்து ஒதுங்கிக்கொள்ளும், எஃகு மென்மையாக இருக்கும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் ஒதுங்க நேரமே கிடைக்காது. இரும்பு அணுக்களின் அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அந்த அடுக்கைப் பிதுக்கி இழுத்துப் பிடித்து நிற்கும். இழுபட்ட அடுக்கு நழுவாது, அதனால் எஃகு கடினமாகிறது. நழுவாததாலேயே அது வளைந்தும் கொடுக்காது, ஒடியும். பிறகு மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து அந்த முரட்டுத்தனத்தைக் குறைப்பார்கள். என்றாலும் மேற்பரப்பும் உள்பகுதியும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. ஒன்று சுருங்கும்போது மற்றது விரியப் பார்க்கும். அந்தச் சண்டை இழுவிசையாக எஃகுக்குள்ளேயே தங்கிவிடும். காசு அடிக்கத் தொடங்கும் முன்பே அச்சு ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

அதன் மேல் ஒவ்வொரு அடியும் விழுகிறது. அழுத்தம் வரும்போது அச்சின் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளிப்பக்கமாகப் பரவ முயலும், விளிம்பு இழுபடும். அழுத்தம் போனதும் பழைய நிலைக்கே திரும்பும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வளைவில் அது ஒடியாது, பத்தாவது பதினைந்தாவது வளைவில் ஒடியும். அதுபோல அச்சும் ஆயிரக்கணக்கான அடிகளில் களைத்துப்போகிறது. உலோகக் களைப்பு என்று பொறியியல் சொல்வது இதைத்தான்.

எந்த இடத்தில் முதலில் பிளக்கும்? ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வைத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டு இல்லாத இடத்தில் பல்லால் கடித்தாலும் கிழியாத பாக்கெட், வெட்டுள்ள இடத்தில் விரலுக்கே கிழிந்துவிடும். இழுவிசை முழுவதும் அந்தக் கூர்மையான மூலையில் குவிவதுதான் காரணம். அச்சில் கூர்மையான மூலைகள் எங்கே இருக்கின்றன? எழுத்துகளின் முனைகளில், எண்களின் மூலைகளில். ஆகவே விரிசல் பெரும்பாலும் ஓர் எழுத்தின் காலிலோ தலையிலோ பிறக்கும். அங்கிருந்து விளிம்பை நோக்கி ஓடும், இல்லையென்றால் பக்கத்து எழுத்தின் தலையைத் தொட்டு, அதற்கடுத்த எழுத்தைத் தொட்டு, கொடிக்கம்பியில் துணி தொங்குவதுபோல எழுத்துகளைக் கோத்துக்கொண்டு போகும்.

அச்சில் விரிசல் ஒரு பள்ளம். அப்படியானால் காசில் அது மேடு. செம்பு அந்த மயிரிழை இடுக்கிலும் புகுந்து, ஒரு மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். நகத்தால் தடவினால் சில காசுகளில் தட்டுப்படக்கூடச் செய்யும். கோடு மேடாக இருந்தால் அது அச்சின் காயம், காசு பிறக்கும்போதே வாங்கி வந்தது. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பிறந்த பிறகு யாரோ கீறியது. பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸும், பக்கவாட்டில் சாய்வாக விழும் விளக்கு வெளிச்சமும் இருந்தால் இதை நீங்களே பிரித்துவிடலாம்.

விரிசல் ஒருபோதும் சுருங்காது, வளரத்தான் செய்யும். இதுதான் என்னை மயக்குகிற விஷயம். என்னிடம் ஒரே அச்சில் பிறந்த மூன்று காலணாக்கள் இருக்கின்றன. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு ஆண்டுகளில் வாங்கியவை. ஒரே அச்சு என்று எப்படித் தெரியும் என்றால், ஓர் இலையின் நுனி அருகிலிருக்கும் எழுத்தின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது, ஓர் எழுத்து மற்ற எழுத்துகளைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்துத்தான். கையால் அடித்த அச்சில் இவையெல்லாம் கைரேகை மாதிரி. முதல் காசில் கம்பெனி என்ற ஆங்கிலச் சொல்லின் எம் எழுத்தருகே ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் அந்த எழுத்தின் தலையிலிருந்து ஒரு மயிர்க்கோடு கிளம்பிப் பாதியில் நிற்கிறது. மூன்றாவதில் அந்தக் கோடு விளிம்பைத் தொட்டுவிட்டது, தடித்தும் இருக்கிறது. ஆக, எந்தக் காசு முதலில் பிறந்தது, எது கடைசி என்று என்னால் சந்தேகமின்றி அடுக்க முடிகிறது. தேதி மூன்றிலும் 1835தான். தேதி மறைத்ததை விரிசல் சொல்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்று இரவு அந்த மூன்றையும் மேசை விளக்கின் கீழே வரிசையாக வைத்துவிட்டு வெகுநேரம் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

விரிசல் முற்றிப்போனால் விளிம்பில் ஒரு துண்டே பெயர்ந்து விழும். அந்த இடத்தில் காசு உருவமில்லாத ஒரு செப்புக் கட்டியாக முடியும். அதோடு அந்த அச்சின் ஆயுள் முடிந்தது. ஆனால் எதிர்ப்பக்க அச்சு நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போடமாட்டார்கள், புது ஜோடி சேர்த்து வேலையைத் தொடர்வார்கள். இப்படி ஓர் அச்சு இரண்டு துணைகளோடு வேலை பார்த்திருந்தால், அதை வைத்து இரண்டு தொகுதிக் காசுகளைச் சங்கிலியாகக் கோக்கலாம். நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதும் உண்டு. அப்போது ஒன்றின் முகம் மற்றதில் லேசாகப் பதிந்து, பிறகு அடிக்கும் காசுகளில் எழுத்துகளுக்கு நடுவே எதிர்ப்பக்கத்து இலை ஒன்று நிழல்போலத் தெரியும்.

இந்த ஆராய்ச்சிக்குத் தேயாத காசுகள் நிறைய வேண்டும். 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம், குட்வின் மணல்திட்டில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் மூழ்கியது. பர்மிங்ஹாம் அருகே மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில், நீராவி இயந்திரங்களால் சென்னை மாகாணத்துக்கென்று அடித்த 1808ஆம் ஆண்டின் 10 காசு, 20 காசு நாணயங்கள் அதில் பீப்பாய் பீப்பாயாக இருந்தன. 1980களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை வெளியே எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தைகளில் புழங்கியிருக்க வேண்டிய அந்தக் காசுகள், ஒரு கைகூடப் படாமல் கடலடியில் கிடந்திருக்கின்றன. நன்றாகத் தப்பியவற்றில், சிங்கங்கள் கொடி பிடித்து நிற்கும் அந்தச் சின்னத்தில் அச்சின் கீறல்கள் இன்னமும் தெரிகின்றன.

ஓர் அக்கசாலை மொத்தம் எத்தனை அச்சுகளைப் பயன்படுத்தியது என்பதைக்கூடக் கணக்கிடலாம். குளத்தில் பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டுத் திரும்ப விட்டு, மறுநாள் வலையில் அடையாளமுள்ளவை எத்தனை வருகின்றன என்று பார்த்து மொத்த மீன்களை மதிப்பிடுவது போன்ற கணக்குதான். ஆயிரம் காலணாக்களைப் பார்த்து, ஒரே அச்சு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணினால் மதிப்பீடு கிடைத்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒழுங்கான படங்களும், பொறுமையான இரண்டு மூன்று இளைஞர்களும், அவர்களுக்கு ஓரிரு ஆண்டுச் சம்பளமும் போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பே இருக்கிறது. செம்பு மலிவு என்பதாலோ, கம்பெனி காலம் 'அவ்வளவு பழசு இல்லை' என்பதாலோ, தங்கக் காசுக்குக் கிடைக்கும் கவனம் காலணாவுக்குக் கிடைப்பதில்லை. ஏழையின் கையில் புழங்கிய காசு காலணாதான். அதைப் படிக்கப் பணம் ஒதுக்குவது வீண்செலவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கசாலை வேலைக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்று நினைக்காதீர்கள்: பழைய பிராமி எழுத்துகளைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா அக்கசாலையில் உலோகத் தரம் பார்த்த அதிகாரிதான்.

பணம் வேறு எங்கெல்லாமோ போகிறது என்பதுதான் வேதனை. ராமர், அனுமார் படம் போட்டு, கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த 'காசுகளை' லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். அரிசியை இழுக்கும், இடி தாங்கியது, இரிடியம் கலந்தது என்று கதை கட்டுகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. செம்பு காந்தமும் அல்ல. காந்தத்தின் அருகே கொண்டுபோனால் நம்மால் உணர முடியாத அளவுக்கு மெல்ல விலகத்தான் பார்க்கும். அரிசியை இழுக்க அதில் ஒன்றுமே இல்லை. இந்த ஏமாற்றில் சேமிப்பையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் இருக்கின்றன. தயவுசெய்து யாரும் இதில் இறங்காதீர்கள்.

படம் அனுப்பிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சாய்ந்த 5 உள்ள காசில், அந்த எண்ணுக்குக் கீழே விளிம்பை நோக்கி ஏதோ ஒரு கோடு போவதுபோலத் தெரிகிறது. படத்தில் அது மேடா பள்ளமா என்று பிடிபடவில்லை. அறையை இருட்டாக்கி, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலம் காசின் மேலிருக்கும் பழுப்புப் படலத்தைக் கரைத்துவிடும், தேய்க்கிற தேய்ப்பில் அந்த மயிரிழை வரம்பும் போய்விடும். சுருக்குப்பையில் இருந்தபடியே இருக்கட்டும்.