கிலோமீட்டரை 900ஆல் வகுக்காதீர்கள்

விமான டிக்கெட் போட்டுக்கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்பார்கள். இப்போது விடையைக் கையோடு கொண்டுவருகிறார்கள். "லண்டனிலிருந்து நியூயார்க் 5,540 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 900. ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஏன் எட்டு மணி நேரம்?" என்று என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

இணையம் காட்டும் அந்தத் தூரம், உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். விமானம் நூல் மேல் போவதில்லை. புயலைச் சுற்றும், மூடிய வான்வெளியைச் சுற்றும். 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டபோது, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்துக்கு நீண்டது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன!

அடுத்தது காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் இன்னும் மூர்க்கமாக. நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு ஜம்போ ஜெட் அந்தக் காற்றில் ஏறி 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. அதை நம்பி யாரும் வண்டிக்குச் சொல்லிவைக்கக் கூடாது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிற்கும் இடத்தைவிட்டு விமானம் நகர்வதிலிருந்து, போய்ச்சேர்ந்த ஊரில் நிறுத்தத்தில் நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடம் கிடைக்காமல் வானில் வட்டமடிப்பது, எல்லாமும்தான்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது கடிகாரக் குழப்பத்தைத்தான். லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு வருகை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இதைப் பார்த்த ஒருவர், பயணம் மூன்று மணி நேரம்தான் என்று எண்ணி, தாயாரின் இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டார். ஐந்து மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் எட்டு மணி நேரம். பெட்டியை அனுப்புவதற்கு முன் தற்செயலாகப் பேச்சில் வந்ததால் தப்பித்தோம். இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையின் குளிரில் அது கெட்டுப்போகலாம். எந்த வேளை ஊசி எப்போது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினார். இடைவெளி ஒன்றரை மணி நேரம். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். பெட்டியை எடுத்து, குடிநுழைவு முடித்து, மறுபடி பதிவு செய்யப் போனால் கவுன்ட்டர் மூடியிருந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் வேலை. இவருக்கோ, வராத பயணி என்று குறித்துவிட்டார்கள். புது டிக்கெட்டைக் கைக்காசில்தான் வாங்கினார்.