ரயில்வே அப்ரண்டிஸ் சேரப் போகிற பிள்ளைகளுக்கும், முக்கியமாக அவர்கள் அப்பாக்களுக்கும்

ஒவ்வொரு வருடமும் அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்தவுடன் எனக்கு நாலைந்து போன் வந்துவிடும். சொந்தக்காரர்கள், பழைய தெருக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். "பையனுக்கு ரயில்வேல வேலை வரப்போகுது, கொஞ்சம் பார்த்துக்கங்க சார்" என்பார்கள். வேலை இல்லைங்க, பயிற்சி என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். ஏதோ வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைப்பார்களோ என்னவோ.

வட சென்னையில் ரயில் பெட்டி பராமரிப்பில் 27 வருடம் இருந்தவன் நான். உள்ளே வந்ததே அப்ரண்டிஸாகத்தான், அப்புறம்தான் மற்றதெல்லாம். கடைசிப் பத்து வருடம் புதிதாக வரும் பிள்ளைகளை என்னிடம்தான் அனுப்புவார்கள். அதனால் சொல்கிறேன்.

1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் நேராகவே எழுதியிருக்கிறது: நீங்கள் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்குக் கிடையாது என்று ரயில்வே அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். சேரும்போது கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தாலே தெரியும், ஆனால் அதைப் படித்த பையனை நான் பார்த்ததில்லை. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்குக் கிடைக்கிற சலுகை, லெவல் 1 எனப்படும் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடு. அதற்கும் எல்லாரையும் போலத் தேர்வு எழுதத்தான் வேண்டும்.

ஆனால் பெரும்பாலும் அப்ரண்டிஸ் சேருவதற்கு எழுத்துத் தேர்வும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. மார்க்கை வைத்துப் பட்டியல் போடுவார்கள், அவ்வளவுதான். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். போன்ற இடத்தில் விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். இதில் புரோக்கருக்கு என்ன வேலை இருக்கிறது? விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனின் அப்பா, நிலத்தை அடமானம் வைத்து ஒருவனிடம் இரண்டு லட்சம் கொடுத்திருந்தார். பையனோ பத்தாவதில் 480-க்கு மேல் எடுத்தவன், சும்மா விண்ணப்பித்திருந்தாலே பெயர் வந்திருக்கும். அந்தப் புரோக்கர் செய்தது ஒன்றே ஒன்று: பட்டியல் வந்த அன்று முதல் ஆளாகப் போன் போட்டு "நான்தான் முடிச்சேன்" என்றான். பெயர் வராமல் போயிருந்தால் அடுத்த வருடம் என்று இழுத்திருப்பான். நல்ல பிழைப்பு.

கையில் வரும் பணத்தையும் சொல்லிவிடுகிறேன். சமீப வருட அறிவிப்புகளில் பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000. அயனாவரத்திலோ வில்லிவாக்கத்திலோ நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துச் சாப்பாட்டையும் பார்த்தால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்துப் பிள்ளைகள் யூனிட் (மின்சார ரயில்) பிடித்து வந்து போய்விடுகிறார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் தேவலாம்.

சரி, அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். போக வேண்டும். ஆனால் எதற்கென்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தால் முதல் சில வாரம் அரம்தான். ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, வைஸில் கட்டி, மட்டமாகத் தேய் என்பார்கள். மூன்றாம் நாளே பையன்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள், "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடுற சி.என்.சி. மெஷின் வந்தாச்சு, இன்னும் இதை ராவிக்கிட்டு இருக்கணுமா" என்று. நானும் அப்படித்தான் முணுமுணுத்தேன். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், இழுக்கும்போது விட்டுவிட வேண்டும், இரண்டு கையும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். தெரியாதவன் கை ஏற்றம் இறைக்கிற மாதிரி மேலும் கீழும் ஆடும், இரும்பு நடுவில் வயிறு தள்ளி நிற்கும். ட்ரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் ஒளி ஒழுகும். எனக்கு அந்த ஒளி மறைய பதினொரு நாள் ஆனது, உள்ளங்கை கொப்புளம் உடைந்து இன்னொரு கொப்புளம் வந்தது. அந்தப் பதினொரு நாளில் கை என்ன கற்றுக்கொண்டது என்பது பிட் லைனில், அதாவது பெட்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யப் பள்ளம் வெட்டிய தண்டவாளத்தில்தான் தெரிந்தது. பெட்டிக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தில், எட்டாத இடத்தில் ஒரு நட்டை ஏற்றும்போது மரை குறுக்கே பிடிக்கிறதா நேராகப் போகிறதா என்று விரல் நுனியே சொல்லும். இதை எந்த வீடியோவும் கற்றுத் தராது.

வேலைக்கு முன்னால் ஒரு வருடம் காத்திருக்கிற இடம் என்று நினைத்து வருகிறவன் இதைக் கற்றுக்கொள்வதில்லை. அது அவன் பாடு. ஆனால் அவன் இன்னொன்றும் செய்வான்: யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். கேள்வி கேட்டால் கெட்ட பெயர் வரும், வேலை போய்விடும் என்ற பயம். இல்லாத வேலை எப்படிப் போகும்?

ஒரு டிப்போவில் நடந்தது, பெயர் வேண்டாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பிரேக் காற்று போகும் ஹோஸைக் கழற்ற வேண்டும். பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ காற்றழுத்தம் இருக்கும். காற்றை அடைக்கிற வால்வான ஆங்கிள் காக்கை இரண்டு பக்கமும் மூடிய பிறகுதான் இணைப்பில் கை வைக்கலாம். பையன் தன் பக்கத்தை மூடிவிட்டான். எதிர்ப் பக்கம் இன்னொரு அப்ரண்டிஸ். "உன் பக்கம் மூடியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் மூடியிருப்பான் என்று இவன் நினைத்தான், இவன் சொல்வான் என்று அவன் காத்திருந்தான். இணைப்பு விட்டதும் ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது. நுனியில் இருக்கிற இரும்புத் தலை தாடையில் அடித்து ஏழு தையல். நான்கு அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் இன்னும் மோசம். "வெளியில ரூம்ல விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடு தம்பி, உனக்குத்தான் பிரச்சினை" என்று ஒரு மேலாளர் சொன்னார், பையனும் எழுதிக் கொடுத்துவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்போது நான் புதிதாகப் பதவி உயர்வு வாங்கியிருந்த நேரம்.

அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். தொழிலாளி இல்லை என்று சொல்கிற அதே சட்டம்தான், தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும் என்கிறது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு உண்டு என்கிறது. அரசு நியமிக்கிற அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக்கூடாது என்கிறது. ரூமில் விழுந்ததாக எழுதிவிட்டால் இழப்பீடு என்ற பேச்சே இல்லை. பிள்ளைகளுக்கு இது தெரியாது, அப்பாக்களாவது தெரிந்து வைத்திருங்கள்.

மேலே போகும் கம்பியைப் பற்றி நூறு முறை சொல்லியிருப்பார்கள், நான் நூற்றியோராவது முறை சொல்கிறேன். 25,000 வோல்ட். தொட வேண்டாம், நெருங்கினாலே பாயும். குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளியே இருங்கள். யார்டில் நிற்கும் வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுக்க நினைக்கிற கூட்டாளி இருந்தால் காலைப் பிடித்துக் கீழே இழுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, லாக் புக். அன்றன்றைக்கு என்ன செய்தோம் என்று அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளுக்கும் "பிரேக் பிளாக் மாற்றினேன்" என்று நிரப்புகிற பையன்களை எனக்குத் தெரியும். வெளியில் நேர்காணலுக்குப் போனால் சான்றிதழைப் பார்த்துவிட்டு, என்ன செய்தாய் சொல் என்பார்கள். அப்போது அந்த நோட்டுதான் பேசும்.

தாடையில் தையல் போட்ட பையன் தேர்வு எழுதினான், கிடைக்கவில்லை. இப்போது அம்பத்தூரில் ஒரு கம்ப்ரஸர் சர்வீஸ் கடையில் இருக்கிறான், சொந்தமாக இரண்டு பையன்களுக்கு வேலை சொல்லித் தருகிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். லைனைக் கழற்றப்போன சின்னப் பையன் ஒருவனை நிறுத்தி, "அந்தப் பக்கம் மூடியாச்சான்னு கேட்டியாடா?" என்று கத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொன்னான்.