குடைமிளகாய்: இது மிளகு இல்லை

போன ஆவணியில் மாடித் தோட்டத்துக்கு வாங்கிய குடைமிளகாய் விதைப் பொட்டலத்தில் 'இனிப்பு மிளகு' என்று தமிழில் அச்சிட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு, "மிளகுன்னா கொடியாச்சே தம்பி, மாடியில எதுமேல ஏத்திவிடுவ?" என்று கேட்டார். சரியான கேள்வி. மிளகு மரத்தைப் பிடித்துப் படரும் கொடி, குடைமிளகாய் கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடி. ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆங்கிலத்தில் இரண்டுமே பெப்பர், அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. 1492இல் கடலேறிய கொலம்பஸ் குழுவினர் மிளகைத் தேடிப் போய் மிளகாயைக் கண்டார்கள், காரமாக இருந்ததால் மிளகின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் பெப்பர் என்ற சொல்லே நம் பக்கத்துச் சரக்கு: திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி, கிரேக்கம், லத்தீன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. அப்புறம் போர்ச்சுகீசியர் மிளகாயை இங்கே கொண்டுவந்தபோது நம்மவர்களும் மிளகின் பெயரைத்தான் எடுத்தார்கள், ஆனால் கூடவே ஒரு 'காய்' சேர்த்தார்கள். மிளகு, காய், மிளகாய். ஆங்கிலம் செய்யாத வேலையைத் தமிழ் ஒரே அசையில் முடித்துவிட்டது, அதைப் போய் மறுபடி மிளகு என்று எழுதலாமா?

கோயம்பேட்டில் கேப்சிகம் என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் அது பேரினத்தின் பெயர், பஜ்ஜி மிளகாயும் குண்டு மிளகாயும்கூட கேப்சிகம்தான்.

இனி குடை மிளகாயா, குடமிளகாயா? இரண்டும் வழக்கில் உண்டு. குடம் என்றால் வடிவம் கண்முன் வருகிறது. எனக்குக் குடை பிடிக்கும், மழைக்குப் பிடிக்கும் குடைக்காக அல்ல, குடைதல் என்ற வினைக்காக. ஒரு காயை நெடுக்காக வெட்டிப் பாருங்கள்: காம்படியில் வெள்ளையாக ஒரு விதைக்கொத்து, சுவரோரம் மெல்லிய தடுப்புகள், மற்றதெல்லாம் வெறும் காற்று. பாறையைக் குடைந்ததால் மாமல்லபுரத்தில் இருப்பது குடைவரை, அதே போலத்தான் இதுவும் என்று எனக்குப் படுகிறது.

பசுமைக்குடில் என்ற சொல்லும் சென்னைக்கு வந்தால் பொருள் மாறுகிறது. குளிர்நாட்டில் வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்க அது வேண்டும். இங்கே நாலு பக்கமும் பிளாஸ்டிக்கால் மூடினால் உள்ளே வேகும், 32 டிகிரியைத் தாண்டினாலே பூ கொட்டத் தொடங்கும். அதனால் நான் போட்டது நிழல்வலைக் குடில்: பக்கவாட்டில் வலை, ஐப்பசி மழைக்காக மேலே மட்டும் ஒரு ஷீட். பன்னிரண்டு அங்குலத் தொட்டி, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம். தண்டு முதலில் கவையாகப் பிரியும் இடத்தில் வரும் பூவை மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள், செடி நன்றாகத் தழைத்த பிறகு காய்க்கட்டும். தையில் நாலு காய் பிடித்தது. மூன்றைப் பச்சையாகப் பறித்தோம். விட்டுவைத்த நாலாவது செடியிலேயே சிவந்தது, அதை அக்கா வீட்டுக்குக் கொடுத்தேன்.