கிராண்ட் கேன்யனில் இறங்கும் முன்: தண்ணீர் மட்டும் போதாது

மலையில் ஏறும்போது முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அது தலைகீழ். காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம். கால் ஓய்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் ஏற்றம். தெற்கு விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர், அடியில் ஓடும் கொலராடோ ஆறு சுமார் 750 மீட்டர். கோடையில் மேலே இதமாகக் காற்று வீசும்போதே, கீழே நிழலில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

கோடையில் முதல்முறை போகிறவர்களுக்கு சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை போதும். போக வர 3 மைல்தான், ஆனால் இறக்கம் ஏறக்குறைய 340 மீட்டர். அந்தப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. பிரைட் ஏஞ்சல் பாதையின் ஒன்றரை மைல், மூன்று மைல் ஓய்விடங்களில் கோடையில் குழாய் உண்டு. ஆனால் நீர்க்குழாய் உடைந்து வரத்து நிற்பதும் உண்டு. அன்று காலை விசாரித்துவிட்டே இறங்குங்கள். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரத் திட்டம் என்றால் இரண்டாவது மணி முடிந்ததும், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். விடியும் முன்பே கிளம்புங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்கக் கூடாது.

இனி தண்ணீர். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படலாம். "குடித்துக்கொண்டே இரு" என்ற அறிவுரையில்தான் வில்லங்கம். வியர்வையில் உப்பும் போகிறது. சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, தள்ளாட்டம் எல்லாம் வரும். வெப்பச் சோர்விலும் இதேதான் வரும் என்பதால், கூட வந்தவர் பதறிப்போய் இன்னும் தண்ணீர் புகட்டி நிலைமையைக் கெடுத்துவிடுவார். அந்த நேரத்தில் மோதிர விரலைப் பாருங்கள். விரல் உப்பி மோதிரம் இறுகியிருக்கிறது, சிறுநீர் நிறமில்லாமல் அடிக்கடி போகிறது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் தண்ணீரை நிறுத்தி உப்புள்ள தின்பண்டம் கொடுக்க வேண்டும். வாய் வறண்டு சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நிழல், தண்ணீர், உப்பு மூன்றும் வேண்டும்.

பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறிக் குழம்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பு கொதித்தால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்க்கிறதே, வெப்பவாதமாக இருக்காது என்று ஏமாற வேண்டாம். சட்டையை நனைத்து விசிறிக்கொண்டே உதவி கேளுங்கள்.

வாழைப்பழமும் பேரீச்சையும் சத்துதான், ஆனால் அவற்றில் உப்பு இல்லை. முறுக்கு, உப்புக்கடலை, ஊறுகாய் தடவிய சப்பாத்தி நல்ல துணை. அரை மணிக்கு ஒருமுறை பசிக்காவிட்டாலும் கொஞ்சம் கொறிக்க வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் போடக் கூடாது.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். முழங்கால் வலிக்கு முன்கூட்டியே ஐபுப்ரோஃபென் போடும் பழக்கம் இங்கே ஆபத்து. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. மறுநாள் படி இறங்க முடியாமல் போவது அதனால்தான். டிரெட்மில் இதற்குப் பழக்காது. ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படியில் பையோடு இறங்கிப் பழகுங்கள். புது ஷூ வேண்டாம். கால்நகங்களை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டி, இறங்கும் முன் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் பெருவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகத்தடியில் ரத்தம் கட்டிவிடும்.