டியூப்லைட் வெளிச்சத்தில் செடி வளருமா?

வீட்டுக்குள் செடி வளர்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது ஊதா நிறத்தில் ஒளிரும் வளர்ப்பு விளக்குகளைத்தான். விலையைப் பார்த்த பிறகு அடுத்த கேள்வி வருகிறது: பட்டறையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மாட்டுகிற 4 அடி எல்இடி டியூப்லைட் போதாதா? போதும். பெரும்பாலும் ஒன்று மட்டும் போதாது, அவ்வளவுதான்.

செடிக்கு நீலமும் சிவப்பும்தான் வேண்டும், வெள்ளை உதவாது என்று நிறத்தைப் பற்றி ஒரு பயம் உண்டு. அதை முதலில் தீர்த்துவிடலாம். அணைத்து வைத்த டியூப்லைட்டின் பால்நிற மூடிக்குள் எட்டிப் பார்த்தால் வரிசையாக மஞ்சள் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் இருப்பது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி உமிழும் சில்லு. மேலே இருக்கும் பாஸ்பர் என்ற ஒளிமாற்றுப் பூச்சு அந்த நீலத்தில் பெரும்பங்கை விழுங்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளியாக வெளியே விடுகிறது. தப்பி வரும் மிச்ச நீலமும் இவற்றோடு கலக்க, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இதற்கெல்லாம் வழி திறந்த நீல எல்இடிக்குத்தான் 2014-இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் வெள்ளை ஒளியிலேயே இருக்கின்றன. “பச்சை ஒளி வீண்தானே?” என்று கேட்பார்கள். இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சையத்தைக் கரைசலாக்கி அளந்த வரைபடம் அப்படித்தான் சொல்கிறது. முழு இலை வேறு மாதிரி. உள்ளே செல்களுக்கிடையில் ஒளி இங்குமங்கும் சிதறித் திரும்பத் திரும்பப் பச்சையத்தின்மேல் படுவதால், பச்சை ஒளியிலும் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆய்வாளர் கீத் மெக்ரீ 1972-இல் பலவகைப் பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு அலைநீளமாகச் சோதித்து, பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடப்பதைக் காட்டினார். நீலமும் சிவப்பும் மேலடுக்கிலேயே பெரும்பாலும் தீர்ந்துபோக, பச்சை இலையின் அடிவரை போய்ச் சேர்கிறது. ஊதா விளக்கின் அடியில் இலைகள் கறுத்துத் தெரியும், பூச்சியோ பழுப்போ கண்ணில் படாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் வெள்ளை ஒளியின் பக்கம்.

உண்மையான சிக்கல் அளவில். இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் உண்டு. இரவில் விளக்குப் போட்ட அறையில் 200 லக்ஸ் இருந்தாலே நமக்குப் பளிச்சென்று இருக்கும். ஐந்நூறு மடங்கு வித்தியாசத்தைக் கண் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடும். இலைக்கு அந்த வசதி இல்லை. விழுகிற ஒளித்துகள்களுக்கு ஏற்பத்தான் அதற்குச் சாப்பாடு.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமெனும், அதாவது விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அளவும், கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. 555 நானோமீட்டர் பச்சையைக் கண் 100 என்று மதித்தால், இலைக்கு மிகவும் பிடித்த 660 நானோமீட்டர் சிவப்பை 6 என்றுதான் மதிக்கும். அதனால் செடிக்காரர்கள் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணி, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்கிறார்கள். மோல் என்பது டஜனைப் போல ஓர் எண்ணிக்கை, ஆனால் மிகப் பெரியது. மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெள்ளை எல்இடிக்கு லக்ஸை ஏறத்தாழ 70-ஆல் வகுத்தால் இந்த எண் வந்துவிடும்.

4 அடிக்கு 1 அடி தட்டு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரப்பு சுமார் 0.36 சதுர மீட்டர். 20 வாட், 2,000 லூமென் டியூப் நான்கு மாட்டுகிறோம். 8,000 லூமெனில் பக்கவாட்டில் சிதறுவது போக 70 சதவீதம் தட்டில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 15,500 லக்ஸ். அதாவது 220 மைக்ரோமோல். தினம் 16 மணி நேரம் எரிந்தால் நாள் முழுக்க ஒரு சதுர மீட்டரில் சேர்வது 12.7 மோல். மழைமானியைப் போலத்தான் இதுவும்: எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதைவிட மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதே பெரும்பாலும் முக்கியம். கீரை, லெட்டூஸ், நாற்றுகளுக்கு 12 மோல் தாராளம். நிழல் தாங்கும் அலங்காரச் செடிகளுக்கு ஒரு டியூப் போதும். காய்க்கிற தக்காளிக்கு 20-க்கு மேல் வேண்டும். அங்கே டியூப்லைட் திணறும். நான்கு டியூப்களும் சேர்ந்து நாளுக்கு 1.28 யூனிட் மின்சாரம் இழுக்கும்.

அந்த 70 சதவீதம், விளக்கு இலைக்கு அருகில் இருந்தால்தான். தனி பல்பில் தூரம் இரட்டித்தால் ஒளி கால்வாசியாகக் குறையும். நீண்ட டியூப்பில், அருகில் இருக்கும்வரை, பாதியாகத்தான் குறையும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய நான்கில் இன்னும் மெதுவாக. ஆனாலும் கூரையில் தொங்கும் விளக்கால் பயனில்லை. எல்இடியின் வெப்பம் பெரும்பாலும் பின்பக்க உலோகத்தில் தங்கிவிடுவதால் இலைக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் பயமில்லாமல் தொங்கவிடலாம். சங்கிலியில் மாட்டினால் செடி உயர உயர ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீர் தெளிக்கும் இடம் என்பதால் ஈரம் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் கெல்வின் என்று போட்டிருப்பது வெள்ளை ஒளியின் சாயலைக் குறிக்கும் எண். 6500 கெல்வின் விளக்கில் நீலம் கூடுதல். நாற்று குட்டையாக, தண்டு தடித்து வளரும். 3000 கெல்வினில் சிவப்பு கூடுதல். இரண்டையும் கலந்து மாட்டுவதில் தவறே இல்லை. தண்டு வெளிறி, மெலிந்து, விளக்கை நோக்கி நீண்டுகொண்டே போனால் ஒளி போதவில்லை என்று பொருள், விளக்கை இறக்குங்கள்.

24 மணி நேரமும் எரியவிட்டால் இன்னும் வேகமாக வளரும் என்று நினைக்க வேண்டாம். தக்காளி இலைகள் ஓயாத வெளிச்சத்தில் மஞ்சளித்துவிடும். சாமந்தியோ இரவின் நீளத்தை வைத்தே பூக்கும் காலத்தை முடிவு செய்கிற செடி. 16 மணி நேர வெளிச்சத்தில் அது இலையும் தண்டுமாகச் செழிக்கும், மொட்டு மட்டும் வராது. பூ வேண்டுமென்றால் டைமரை 10 மணி நேரத்துக்குக் குறைத்து, இரவில் அறை விளக்கும் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.